இடது கால்

கோபத்தில் தேய்த்த சப்பாத்தி வட்டமாக வருமா, நீங்களே சொல்லுங்கள்? ரேணுகாவுக்கு வரவில்லை. முதலாவது செருப்பு மாதிரி வந்தது, இரண்டாவது யானைக்காது மாதிரி, மூன்றாவதைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு பாதம், குதிகாலும் விரலுமாக. அதற்குமேல் பார்க்கப் பிடிக்காமல் அதைக் கசக்கி உருட்டி மறுபடியும் பலகையில் அடித்தாள். பெங்களூருக்குத் திரும்புகிற வழியில் நாத்தனார் குடும்பம் சாப்பிடுவதற்கான சப்பாத்தி. ஓட்டல் சாப்பாடு ரிஷ்வந்துக்கு ஒத்துக்கொள்ளாதாம், அண்ணி கையால் போட்ட சப்பாத்தி என்றால் பிள்ளை மறுபேச்சில்லாமல் தின்பானாம், சுமித்ரா நேற்றே சொல்லிவைத்துவிட்டாள். தின்னட்டும். நாலு வயசுப் பிள்ளை தின்பதை யார் வேண்டாம் என்றது. ஆனால் இப்போது முன்கூடத்து ஆசாரத்தில் நிற்கிற நீலப் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள், பல் பிரஷ்ஷுக்கும் இருமல் மருந்துக்கும் நடுவே தலைகீழாக அமுங்கிக் கிடக்கிறதே பச்சை ஓடன் என்கிற பொம்மை, அது அந்தப் பைக்குள் இல்லை, இவளுடைய தொண்டைக்குள் கிடந்தது. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வாசலில் மாப்பிள்ளை காரைக் கழுவிக்கொண்டிருந்தார். ஹோஸ் பைப்பிலிருந்து தண்ணீர் கதவில் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் நின்றால் கிளம்புவார்கள். கிளம்பினால் ஓடன் போயிற்று. அடுத்த பொங்கலுக்கு அவர்கள் வரும்போது ஓடனைப் பற்றிக் கேட்டால், எந்த ஓடன் அண்ணி, என்பாள் சுமித்ரா, மெய்யாகவே மறந்துபோயிருப்பாள், அந்த மறதியை நினைத்தபோதே ரேணுகாவின் சப்பாத்திக்கட்டை பலகையை இடித்தது.

ஓடன் இல்லாமல் மாமலையன் நிற்காது. இதை யாருக்கு விளக்குவது, எப்படி ஆரம்பிப்பது. ஐந்து வீரர்கள், ஐந்து டைனோசர், எதிரி வானத்துக்கும் பூமிக்குமாக வளர்ந்துவிட்டால் ஐந்தும் ஓடிவந்து மடங்கித் திரும்பி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஒரே ரோபோவாக எழும், அதன் பேர் மாமலையன். டைனோ ஐம்படை என்று டிவியில் சாயங்காலம் போடுவான். ஜப்பான்காரன் எடுத்ததுதான், தமிழில் பேசும், வாய் ஒரு பக்கம் போகும், பேச்சு ஒரு பக்கம் போகும், போனால் போகட்டும், யார் வாயைப் பார்த்தது. சிவப்புக் கோரன் தலையும் நெஞ்சும். நீலக் கொம்பன் வலது கை. மஞ்சள் இறக்கையன் இடது கை. கறுப்பு நெடுங்கழுத்தன் வலது கால். கடைசியில், எப்போதும் கடைசியில், மூச்சிரைக்க ஓடிவருவது பச்சை ஓடன், முதுகு முழுக்க ஓடு, வால் நுனியில் உருண்டை, அது இடது கால். ஓடனுக்குப் பறக்கத் தெரியாது, நெருப்புக் கக்கத் தெரியாது, டிவியில் அதற்கென்று ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. மற்ற நாலும் கோத்துக்கொண்ட பிறகு அது போய் அடியில் நுழைந்துகொள்ளும், டக் என்று ஒரு சத்தம் வரும், அப்புறம்தான் மாமலையன் நிமிரும். ரேணுகா ஆறாம் வகுப்பு படிக்கையில் பால் சொசைட்டிக்காரர் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த டக்குக்காகத்தான் நின்றாள். உள்ளே உட்கார்ந்து பார்க்கப் பையன்களுக்குப் பாய் போட்டிருப்பார்கள். இவளுக்குக் கம்பி. பார்த்து முடித்து வெளியே வந்தால் விளையாட்டு. ஐந்து பேர் வேண்டும், பையன்கள் நாலு பேர்தான் இருந்தார்கள், அதனால் சேர்த்துக்கொண்டார்கள். நான் கோரனா இருக்கறேன்டா. ஏய், பொட்டப்புள்ள எங்கியாச்சும் கோரனா இருப்பாளா, நீ ஓடன், குனி. இந்தப் பக்கம் இவளும் அந்தப் பக்கம் சம்பத்தும் மண்டியிட்டுக் குனிய, இரண்டு முதுகிலும் ஆளுக்கொரு காலை ஊன்றி ஏறி நின்று, ஐந்தும் ஒன்று என்று கத்துவான் குணாளன். அவன் குதிகால் இவளுடைய முதுகெலும்பில் சரியாக ஒரே இடத்தில்தான் அழுந்தும். மண்ணில் கிடந்த சரளைக்கல் முட்டியில் குத்தும். அடுத்த நாள், இன்னைக்கு நான் கையா இருக்கட்டுமா. போடி, கை உனக்குத் தூக்க வராது. அதற்கடுத்த நாள் கேட்கவில்லை. குனி என்று சொல்வதற்கு முன்பே குனிந்தாள். அதுதான் இப்போது எரிந்தது, குதிகால் இல்லை, முட்டி இல்லை, சொல்வதற்கு முன்பே குனிந்தது.

தோசைக்கல்லில் சப்பாத்தி உப்பியது, தட்டி அமுக்கினாள், ஆவி விரலில் அடித்தது, சுட்டதுகூட நல்லதாக இருந்தது, இந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் தோலிலும் கிடைத்த மாதிரி. நேற்று சாயங்காலம் என்ன நடந்தது, திரும்பவும் முதலிலிருந்து பார்ப்போம், எந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். பிள்ளை கண்ணாடி அலமாரியைப் பார்த்துக் கை நீட்டினான். அந்த அலமாரியில் கல்யாணத்துக்கு வந்த வெள்ளிக் குத்துவிளக்கு ஒரு தட்டில், அதற்கு மேல் தட்டில் மாமலையன், இவள் துடைத்துத் துடைத்து விளக்கைவிட அதுதான் மின்னும். பார்த்துக்கொள்ளட்டும் என்று இவள் சும்மா இருந்தாள். பிள்ளை அழுதான். அழட்டும், பிள்ளைகள் அழாமல் வேறு யார் அழுவார்கள். காப்பி கலக்க இவள் உள்ளே வந்த நேரத்தில் தனசேகர் அலமாரியைத் திறந்துவிட்டான், இவளைக் கட்டியவன்தான், வேறு யாருமில்லை, இவள் திரும்பி வந்தபோது மாமலையன் தரையில் ஐந்து துண்டாகக் கிடந்தது. பிள்ளை மற்ற நாலையும் தூக்கி எறிந்துவிட்டுப் பச்சையை மட்டும் மார்போடு பிடித்துக்கொண்டான். மாமன் வீட்டுக்கு வந்த மருமகப்பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டதை இல்லை என்று சொல்லக்கூடாது. இந்த வீட்டில் அப்படித்தான், இவள் பிறந்த வீட்டிலும் அப்படித்தான், போன வருஷம் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தையே கழற்றிக் கொடுத்தார்கள். எடுத்துக்க சாமி, மாமன் ஊட்டுப் பொருளு உனக்கில்லாம வேற யாருக்கு, என்றாள் மாமியார், சொல்லிவிட்டு ரேணுகாவின் மகள் இதழினியைப் பார்த்துச் சிரித்தாள், ரெண்டு வயசு மூத்தவளா இருந்தா என்ன, நாளைக்கு இவளையே உனக்குக் குடுக்கப்போறோம், பொம்மைக்கென்ன வந்துச்சு. எல்லோரும் சிரித்தார்கள். ஒன்றாம் வகுப்பு படிக்கிற இதழினிக்கு என்ன புரிந்ததோ, அவளும் சிரித்தாள். ரேணுகா, பாவி, டம்ளர் தட்டை வைத்துக்கொண்டு நின்ற ரேணுகாவும் சிரித்தாள். சிரித்த அந்த வாயைத்தான் இப்போது நாலு அறை அறையலாம் போல் இருந்தது. அதோடு முடிந்ததா, சுமித்ரா நியாயத்துக்கு ஒரு வார்த்தை கேட்டாள், அவளைக் குற்றம் சொல்ல முடியாது, ஏன் இதழ்க்கண்ணு, உன்ற பொம்மையத் தம்பி எடுத்துக்கட்டுமா? இதழினி யோசித்தாள், இவளைப் பார்த்தாள், பிறகு, எடுத்துக்கட்டும் அத்தை, என்றாள். பெரிய மனசு. என்னவொரு பெரிய மனசு என்று எல்லோரும் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினார்கள்.

உன்ற பொம்மை. அந்த இடம்தான். தேய்க்கத் தேய்க்க மாவு ஒட்டிக்கொள்கிற இடம் மாதிரி எண்ணம் அங்கேயே ஒட்டிக்கொண்டு பிய்ந்தது. பாப்பாவுக்கு என்று சொன்னது யார்? இவள்தான். தாராபுரம் தேர்த்திருவிழாக் கடையில் சிவப்புக் கோரனை முதன்முதலில் பார்த்தபோது உள்ளங்கை வேர்த்தது, யாருக்குங்க, பையனுக்கா என்றான் கடைக்காரன், பொண்ணுக்கு என்றாள், அப்போது இதழினி வயிற்றில்கூட இல்லை. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதில்லை, கல்யாணமான ஒருத்தி பொம்மைக் கடையில் நின்றால் வாயிலிருந்து வேறென்ன வரும். எனக்கு என்று சொன்னால் அந்த ஆள் இவளுடைய முகத்தைப் பார்ப்பான், கழுத்தைப் பார்ப்பான், கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று பின்னால் பார்ப்பான். கறுப்பு நெடுங்கழுத்தன் பழைய சாமான் கடையில், ஒரு உடைந்த ஃபேனுக்கு அடியில். கொம்பனும் இறக்கையனும் வாட்ஸப் குழுவில் கிடைத்தவர்கள். ஐம்படை சேகரிப்பவர்களுக்கென்று ஒரு குழு, எல்லாம் ஆண்கள், இவளுடைய முகப்புப் படத்தில் மாமலையன் இருப்பதால் இவளையும் ப்ரோ என்றுதான் கூப்பிடுவார்கள், ப்ரோ சூப்பர் ப்ரோ, எங்க புடிச்சீங்க ப்ரோ. ஒருநாளும் திருத்தவில்லை. அங்கே ப்ரோ, இங்கே பாப்பாவின் அம்மா, நடுவில் ரேணுகா என்று ஒருத்தி எங்கேயும் இல்லை. ஓடனை மட்டும் யாரும் விற்கவே மாட்டார்கள், யாருமே அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் கிடைக்காது, இடது காலை யார் ப்ரோ தனியா வாங்குவாங்க என்று ஒருவன் எழுதினான். கடைசியில் கோயமுத்தூர்க்காரர் ஒருவரிடம் இருந்தது, கோக்கிற முளை ஒடிந்த ஓடன், ஒடஞ்சது ப்ரோ, வேணும்னா எடுத்துக்கங்க. பிளவுஸ் தைத்த சொந்தக் காசில் வாங்கினாள். பழைய குடையிலிருந்து கம்பியை வெட்டி, அடுப்பில் காட்டிச் சிவக்க வைத்து, ஒடிந்த முளை இருந்த இடத்தில் இறக்கி, ஆறும்வரை மூச்சை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் யாருமில்லாத நேரம் பார்த்துக் கோத்தாள். டக். கம்பிக்கு வெளியே நின்று கேட்ட அந்தச் சத்தம் இவளுடைய இரண்டு கைக்குள் கேட்டது. அன்றிலிருந்து குக்கர் அடங்குகிற நேரத்தில் தினமும் ஒருமுறை, கழற்றிவிட்டுக் கோப்பாள். தொழுகிற மாதிரி ஒன்றும் இல்லை, சந்தோஷமாக, வாய்க்குள் ஐந்தும் ஒன்று என்று சொல்லிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. அதைத்தான் எடுத்துக்கட்டும் என்று கொடுத்தார்கள். நாலு இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். ஒரு கையை எடுத்தாலும் நிற்கும், இரண்டு கையையும் எடுத்தாலும் முண்டமாகவாவது நிற்கும். ஒரு காலை எடுத்துப் பாருங்கள்.

தனசேகர் தண்ணீர் பாட்டில்களை நிரப்ப உள்ளே வந்தான். நல்ல மனுஷன்தான், கையை நீட்டி அடிக்காத, குடிக்காத மனுஷன், அந்த நல்லதனம் இன்று இவளுக்கு ஒரு சுவர் மாதிரி வழியை மறித்தது. "ரேணு, ஆச்சா? மாப்ள வண்டியக் கழுவி முடிக்கப் போறாரு." ஆகவில்லை என்று கட்டை சொன்னது. "என்ன, சப்பாத்தியப் போட்டு இந்த அடி அடிக்கற?" "ஏனுங்க, அந்தப் பச்சையத் திருப்பிக் கேட்டு வாங்குங்க." "எந்தப் பச்சை?" இதோ, ஒரு ராத்திரியில் மறந்தாயிற்று, பொங்கல்வரைகூடப் போகவேண்டியதில்லை. "பொம்மைங்க. பையில வெச்சிருக்கறாங்க." அவன் குழாயை மூடினான். நிஜமாகவே புரியாமல் பார்த்தான். "குழந்தை கையில குடுத்தத வாங்கறதா? சுமி என்ன நெனப்பா? போச்சாது உடு." போச்சாது. போனால் போகட்டும், பரவாயில்லை, பெரிசுபண்ணாதே, மூன்றையும் ஒரே வார்த்தைக்குள் மடித்து இவளிடம் கொடுத்துவிடுவான், எப்போதும் அப்படித்தான். டீச்சர் டிரெய்னிங் சேர முடியாமல் போனபோது போச்சாது. தைத்த காசில் சேர்த்துவைத்த சீட்டுப் பணத்தை அவனுடைய வண்டிக்குக் கொடுத்தபோது போச்சாது. யாருக்குப் போச்சு என்று அந்த வார்த்தை சொல்வதே இல்லை. "பாப்பாவே சரின்னுட்டா, உனக்கென்ன? வேணும்னா ஆன்லைன்ல புதுசு ஒண்ணு போட்டுத் தர்றேன். ஒரு காலுதான ரேணு?" பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஒரு காலுதான. இவளுக்குச் சிரிப்பு வந்தது. இவன் வண்டியில் ஒரு சக்கரத்தைக் கழற்றி ஒரு சக்கரம்தான என்று சொன்னால் என்ன செய்வான். புதுசு எங்கே இருக்கிறது, அந்தக் கம்பெனி அதைச் செய்வதை நிறுத்தி எத்தனையோ காலமாயிற்று, அப்படியே கிடைத்தாலும் அதன் தொடைக்குள் இருப்பது இவளுடைய குடைக்கம்பியா.

சரி, சிவப்புக் கோரனைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு ஓடனை வாங்கிக்கொள்ளலாமா, பிள்ளைகளுக்குச் சிவப்பென்றால் பிடிக்கும், அழாமல் மாற்றிக்கொள்வான், யாருக்கும் மனசு நோகாது. யோசித்தாள், கை நின்றது. பிறகு வந்ததே ஒரு ஆத்திரம், முன்னால் வந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி. எதற்குக் கொடுக்க வேண்டும்? தன்னுடையதை வாங்கத் தன்னுடையதையே விலையாக வைக்கச் சொல்கிற இந்தப் புத்தி எங்கேயிருந்து வந்தது, சொல்வதற்கு முன்பே குனிகிற முட்டியிலிருந்துதானே. அப்படியானால் கேட்கலாம். கேட்டால்? ஆசாரம் அமைதியாகிவிடும். சுமித்ராவின் முகம் சின்னதாகிவிடும், நல்ல பெண், இவளுக்குப் பிரசவத்தின்போது ராத்திரியெல்லாம் கூட இருந்தவள். பிள்ளை கத்துவான். மாமியார் ஒன்றும் சொல்லமாட்டாள், சாயங்காலம் பக்கத்து வீட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டு சொல்வாள். மாமன் ஊட்டுல குடுத்தத மாமன் பொண்டாட்டி புடுங்கிட்டாளாம், பச்சப் புள்ள கையில இருந்து, ஒரு பிளாஸ்டிக்குக்கு. உறவு முழுக்கப் போகும். கல்யாண வீட்டுப் பந்தியில் இவளைக் காட்டி, அவதான், பொம்மைக்காரி. பொம்மைக்காரி. அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். பயந்த அளவுக்குக் கசக்கவில்லை.

"அம்மா, கருகுது." இதழினி வாசற்படியில் நின்றாள், ஒரு கையில் சீப்பு, பாதி பின்னிய ஜடை. ரேணுகா சப்பாத்தியைத் திருப்பினாள், கறுத்திருந்தது. "அழுவறயாம்மா?" "இல்ல. கோவம்." "எம்மேலயா?" "உம்மேல எதுக்குக் கண்ணு?" குழந்தை சீப்பின் பல்லை நகத்தால் மீட்டிக்கொண்டே சொன்னது, "ஓடன் போறானேன்னுதான? எனக்குத் தெரியும். நீ தினம் அவன வெச்சு வெளையாடுவ. நான் லீவுல பாத்திருக்கறேன், தூங்கற மாதிரி படுத்துக்கிட்டு." கட்டை கையிலேயே நின்றது. "அப்பறம் ஏன்டி எடுத்துக்கட்டும்னு சொன்ன?" "அத்தை எங்கிட்ட கேட்டாங்க. எல்லாரும் என்னுது என்னுதுன்னு சொன்னாங்க. நான் உன்னப் பாத்தேன். நீ சிரிச்ச." கருகியதை எடுத்துவிட்டு ரேணுகா கடைசிச் சப்பாத்தியைக் கல்லில் போட்டாள். "அது உன்னுதுன்னா நீ ஏம்மா சொல்லல?" என்றது குழந்தை. குற்றம் சொல்கிற குரல் இல்லை. கணக்கு ஏன் தப்பாயிற்று என்று கேட்கிற குரல். ரேணுகா பதில் தேடினாள், தேர்க்கடைக்காரன் வந்தான், ப்ரோக்கள் வந்தார்கள், ஜன்னல் கம்பி வந்தது, ஒன்றும் இந்தக் குழந்தையிடம் சொல்கிற மாதிரி இல்லை. இவள் இப்போது சும்மா இருந்தால் நாளைக்கு இந்தக் குழந்தையும் தன்னுடையதை இன்னொருத்தருக்கு என்று சொல்லித்தான் வாங்கும். வாங்கிவிட்டு, கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுக்கும். பெரிய மனசு என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள்.

வெளியே தண்ணீர்ச் சத்தம் நின்றது. அந்த அமைதியில் இவளுக்கு ஞாபகம் வந்தது கடைசி நாள் விளையாட்டு. குணாளன் ஏறி நின்று ஐந்தும் ஒன்று என்று கத்தினான், குதிகால் அதே இடத்தில் அழுந்தியது, அன்றைக்கு என்ன விசேஷம் என்று இன்றைக்கும் தெரியாது, வலி கூடுதலாகக்கூட இல்லை. எழுந்தாள். அவ்வளவுதான், எழுந்து நின்றாள். மேலே இருந்தவன், பக்கத்தில் பிடித்திருந்த இரண்டு கை, அந்தப் பக்கத்துச் சம்பத், எல்லாம் பொலபொலவென்று சரிந்தது, ஒருவனுக்கு உதடு கிழிந்தது. அம்மா விளக்குமாறால் வெளுத்தாள், இத்தன நாள் குனிஞ்சவளுக்கு இன்னைக்கு என்னடி கேடு. இரண்டு அடிக்கு நடுவில் ரேணுகா ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தாள், நம் மேல் இத்தனை நின்றதா, நாம் எழுந்தால் இத்தனை விழுமா என்று. அந்த ஆச்சரியத்தை எங்கே தொலைத்தாள், இத்தனை வருஷம் எந்தப் பைக்குள் கிடந்தது. ஹாரன் அடித்தது. அடுப்பை அணைத்தாள், கல்லில் கடைசிச் சப்பாத்தி பாதி வெந்தபடி கிடந்தது, கிடக்கட்டும். வெந்ததைத் தாளில் சுற்றி டப்பாவில் வைத்து மூடினாள், அந்தப் பிள்ளை பசியோடு போகக்கூடாது, அது வேறு கணக்கு. "இதழ், வா," என்றாள், "ஜடையை அப்பறம் பின்னிக்கலாம்."

வாசலில் எல்லோரும் நின்றார்கள். மாப்பிள்ளை ஸ்டீரிங்கில், பிள்ளை பின்சீட்டில் ஜன்னலோடு மூக்கை அழுத்திக்கொண்டு, மாமியார் திருநீற்றுக் கிண்ணத்தோடு, தனசேகர் பைகளைப் பின்னால் ஏற்றியபடி. நீலப் பை மட்டும் இன்னும் சுமித்ராவின் தோளில். "அண்ணி, எத்தன சிரமம் உங்களுக்கு," என்று டப்பாவை வாங்கிக்கொண்டாள் அவள், "கையெல்லாம் மாவு பாருங்க." ரேணுகா தன் கையைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். ஈரமண்ணில் இரண்டும் ஊன்றித்தான் இருந்தன. மாமியார் போய்ட்டு வாங்கன்னு சொல்லு என்று பார்வையால் சொன்னாள், தனசேகர் இவளுடைய முகத்தைக் கண்டு, ரேணு, போச்சாது, என்று மெதுவாக ஆரம்பித்தான், அந்த வார்த்தை பாதியிலேயே இவளுடைய குரலுக்கு அடியில் போயிற்று. குரல் நடுங்கியது. நடுங்கினாலும் தெருமுனைவரை கேட்டது.

"சுமி, அந்தப் பையச் சித்தெ தெறக்கறயா. ஓடன் இதழினிதில்ல, என்னுது. நான் வெளையாடறது. பிள்ளை அழுதாலும் பரவால்ல, எடுத்துக் குடுத்துட்டுப் போ கண்ணு."